காவிரிக்கு முந்திய காவிரிப் படுகை

காவிரி டெல்டாவுக்கு அடியில் கச்சா எண்ணெயும் எரிவாயுவும் இருப்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் அந்த எண்ணெய்க்கும் காவிரி ஆற்றுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நாம் நாற்று நடும் வண்டல், புவியியல் கணக்கில் நேற்று வந்து படிந்தது. நரிமணத்திலும் கோவில்களப்பாலிலும் துளை போட்டு எடுக்கும் எண்ணெயை ஈன்ற களிப்பாறைக்கு வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. அது சேறாகப் படிந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஆறும் இல்லை, இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவும் இல்லை. பெட்ரோலியத் துறையினர் ‘காவிரிப் படுகை’ என்று சொன்னால் அது ஆற்றின் படுகையைக் குறிக்காது. புதுச்சேரிப் பக்கத்தில் தொடங்கித் தெற்கே தூத்துக்குடி வரைக்கும், பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் சேர்த்துக்கொண்டு நீளும் பழைய நிலப்பிளவு ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் முந்தைய கணக்கு ஒன்றின்படி அதன் பரப்பு சுமார் 1.5 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் நிலத்தில் இருப்பது 25,000 சதுர கிலோமீட்டர்தான், மற்றதெல்லாம் கடலுக்கடியில்.

எண்ணெய் எங்கே உண்டாகும், எங்கே தங்கும் என்பதைக் கண்டத்தட்டுகளின் நகர்வு தீர்மானிக்கிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. சரிதான். ஆனால் இந்தப் படுகையை உற்றுப் பார்த்தால் பாடநூல் அழுத்திச் சொல்லாத இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். என்னென்ன நடந்தன என்பதைக் காட்டிலும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்று, டெல்டாவுக்கு எண்ணெயைக் கொடுத்த அதே பிளவுதான் அந்த எண்ணெய் ஓரிடத்தில் பெரிதாகச் சேரவிடாமல் சில்லறையாகச் சிதறடித்தும் விட்டது.

எண்ணெய் உண்டாகும் விதத்தில் விஞ்ஞானிகளுக்குள் இன்று பெரிய தகராறு இல்லை. கடலில் வாழ்ந்து மடிந்த பாசிகளும் நுண்ணுயிர்களும், ஆறுகள் அடித்து வந்த இலைதழைகளும் காற்றுப் புகாத சேற்றில் மக்காமல் புதைய வேண்டும். மேலே மண் விழ விழச் சேறு இறுகி, ஷேல் எனப்படும் களிப்பாறையாகிறது. உள்ளே சிக்கிய உயிர்ப்பொருள் கெரோஜன் என்ற திடப்பொருளாகிறது. வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது கெரோஜன் உடைந்து எண்ணெய் கசியத் தொடங்கும். 120 பாகைக்கு மேலே போகப் போக எண்ணெய் குறைந்து எரிவாயு மிகும். பாசியிலிருந்து வந்த கெரோஜன் எண்ணெய் தருவதில் கெட்டிக்காரன்; மரம் செடியிலிருந்து வந்தது பெரும்பாலும் வாயுவைத்தான் தரும். தரைமட்டத்தில் 30 பாகை, கீழே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இன்னொரு 30 பாகை என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் 60, மூன்று கிலோமீட்டரில் 120. எண்ணெய்க்கான அடுப்பு இந்த இரண்டு ஆழங்களுக்கும் இடையில் எரிகிறது. துறைக்காரர்களும் இந்தப் பகுதியை ‘கிச்சன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கிலோமீட்டருக்கு 30 பாகை என்பது மாறாத எண் இல்லை. தட்டுகளின் வரலாறு புகுந்து விளையாடுவது இங்கேதான். கேம்பிரிட்ஜ் புவி இயற்பியலாளர் டான் மெக்கன்ஸி 1978இல் எழுதிய ஒரு சிறிய கட்டுரை இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. கண்டத்தின் மேலோடு இருபுறமும் இழுபட்டால் மெலிகிறது. மெலிந்த இடம் பிளவுகள் வழியே மளமளவென்று தாழ்ந்து பள்ளமாகும். அதே நேரத்தில் அடியிலுள்ள சூடான மேன்டில் மேலேறி வரும். பள்ளத்தின் தரை வழக்கத்தைவிடச் சூடாகும். இழுப்பு நின்ற பிறகு ஏறிய சூடு ஆறத் தொடங்கும். ஆறும் பாறை அடர்ந்து கனக்கும், அந்தக் கனத்தால் படுகை முழுவதும் மெதுவாகத் தாழும். முதல் தாழ்வு வேகமானது, பிளவுகளால் துண்டுபட்டது. இரண்டாவது தாழ்வு பல கோடி ஆண்டு நீடிக்கும். அது துண்டு பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். வடகடலின் எண்ணெய் இந்தக் கணக்குக்குப் பொருந்தும் நல்ல உதாரணம்: ஜுராசிக் காலக் கடைசியில் பிளவுப் பள்ளங்களில் படிந்த கிம்மெரிட்ஜ் களி, பின்னால் ஆறித் தாழ்ந்த காலத்தில் குவிந்த படிவுகளின் அடியில் வெந்து எண்ணெயானது.

நம் பக்கத்துக் கதை கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் தொடங்குகிறது. இந்தியாவின் கிழக்கோரம் அப்போது கடற்கரையாக இல்லை. அதற்கு அப்பால் அண்டார்க்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது, இலங்கை இரண்டுக்கும் நடுவில் செருகியிருந்தது. ஜுராசிக் காலத்தின் கடைசியிலும் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும், அதாவது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும், இந்தக் கூட்டு விரிசல் விட்டது. விரிசல் தன் இஷ்டத்துக்குப் போகவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் ஏற்கெனவே வடகிழக்கு–தென்மேற்காக ஓடிய பழைய வரிகளையே பிடித்துக்கொண்டு போனது. அதனால்தான் காவிரிப் படுகையின் பள்ளங்களும் மேடுகளும் அதே திசையில் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. பின்னர் இந்தியா விலகித் திரும்பியபோது இவற்றைக் குறுக்காக வெட்டும் வடமேற்கு–தென்கிழக்குப் பிளவுகளும் விழுந்தன. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வெட்டுப்பட்டதால் தரை சிறுசிறு கட்டங்களாயிற்று. டெல்டா எண்ணெயின் தலையெழுத்து பாதி அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

வரைபடத்தில் இந்தப் பள்ளங்கள் தெரிந்த ஊர்ப் பெயர்களோடு இருக்கின்றன: அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தஞ்சாவூர், ராமநாதபுரம்–பாக் விரிகுடா, மன்னார். நடுவே கும்பகோணம்–மாதானம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, மண்டபத்திலிருந்து கடலுக்கடியில் நெடுந்தீவு வரை போகும் இன்னொரு மேடு. ஆழமான பள்ளங்களில் படிவுகள் 5 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். மேடுகளின்மேல் அதைவிட வெகு குறைவு. மன்னார்குடியில் பஸ் ஏறி நாகப்பட்டினம் போகிறவருக்கு வழியெல்லாம் சமதரை வயல்தான். வண்டல் மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் அவர் ஒரு மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருப்பார்.

கண்ணுக்குத் தெரியாத இந்த மலைகளை முதலில் காட்டிக்கொடுத்தது புவியீர்ப்பு அளவீடு. கனமான பழைய பாறை மேலே வந்திருக்கும் இடத்தில் ஈர்ப்பு ஒரு துளி கூடும், லேசான படிவு ஆழமாக நிறைந்த இடத்தில் ஒரு துளி குறையும். 1950களின் கடைசியில் இந்தப் பகுதியில் தேடல் தொடங்கியது. ஆழமான முதல் ஆய்வுக் கிணறு தோண்டப்பட்டது 1964இல். நரிமணம் கண்டுபிடிக்கப்பட்டதோ 1980களின் நடுவில். இடையில் இருபது ஆண்டுகள். இதைச் சோம்பல் என்றோ திறமைக் குறைவு என்றோ சொல்லிவிட முடியாது. பாறை கட்டம் கட்டமாக வெட்டுப்பட்ட படுகையில், ஒரு கிணறு வறண்டால் பக்கத்துக் கட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒவ்வொரு கட்டத்தையும் புதிதாகத் தேட வேண்டும்.

நாகப்பட்டினத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனால் போதும். படுகையின் மேற்கு விளிம்பு அங்கே தரைக்கு வந்துவிட்டது. 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பகுப்பின் எலும்புக்கூடு இன்றும் மாறவில்லை. பின்னால் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா இங்கே கிடைத்த சங்கு, சிப்பி, அம்மோனைட் புதைபடிவங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்து எழுதினார். இருவரும் எண்ணெய் தேடியவர்கள் இல்லை. ஆனால் ஓ.என்.ஜி.சி. கிணற்றிலிருந்து வரும் பாறைத் துணுக்கின் வயதைச் சொல்ல அந்தப் புதைபடிவ வரிசைதான் இப்போதும் அடிப்படை.

தெரணி என்ற ஊரின் களிமண் குழிகளில் டைலோஃபில்லம் போன்ற நிலச் செடிகளின் இலை அச்சுகள் கிடைக்கின்றன. பிளவு தொடங்கிய காலத்தில் பள்ளங்களில் கடல் நுழையாமல் ஆற்று மண்ணும் தழையும் நிரம்பியதற்கு அவை சாட்சி. டால்மியாபுரத்தில் சிமென்டுக்காக வெட்டும் சுண்ணாம்புப் பாறையில் பவளமும் கடற்பாசியும் தெரிகின்றன. அதற்குள் கடல் வந்துவிட்டது. அதன் பிறகு வருவது காரை. காரை ஊரையொட்டி ஓடைகள் அரித்த செம்பழுப்பும் சாம்பலுமான களிமேடுகள், புல்கூட ஒழுங்காகப் பிடிக்காத தரை. மழை கழுவிவிட்ட சரிவில் குனிந்து பார்த்தால் விரல் நீளத்துக்குக் கூரான பெலம்னைட் துண்டுகள் கிடக்கும். கணவாய் இனத்தின் உள்ளோட்டு மிச்சம் அவை. வெடிப்புகளில் ஜிப்சம் தகடுகள் வெயிலுக்கு மின்னும். உருண்டை உருண்டையாக பாஸ்பேட் கட்டிகள் பெயர்ந்து வரும். பவளத்துக்கு வேண்டிய தெளிந்த ஆழமற்ற நீர் போய், களி மட்டும் மெல்லப் படிகிற ஆழக்கடல் ஆகிவிட்டது என்று இந்தச் சரிவு சொல்கிறது.

காரைக் களியின் காலத்தை ஒட்டிய சேறுதான் கிழக்கே பள்ளங்களுக்குள் சாத்தப்பாடிக் களிப்பாறையாகப் புதைந்து கிடக்கிறது. ஆல்பியன், செனோமேனியன் என்ற இரு காலப் பிரிவுகளில், ஏறக்குறைய 11 கோடியிலிருந்து 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை அது படிந்தது. படுகையின் முதன்மையான எண்ணெய்த் தாய்ப்பாறை அதுவே. அதற்குக் கீழே உள்ள ஆண்டிமடம் அடுக்கின் களிகளும் ஓரளவு கைகொடுக்கின்றன. உலகமே வெப்பமாக இருந்து கடல்மட்டம் உயர்ந்த காலம் அது. ஆனாலும் கடல் ஏறியது மட்டும் போதாது. பிளவு உண்டாக்கிய ஒடுங்கிய பள்ளங்களுக்குள் அந்தக் கடல் புகுந்தது, இருபுறமும் மேடுகள் மறிக்க, அடிநீர் புரளாமல் தேங்கியது, ஆக்சிஜன் குறைந்தது, விழுந்த உயிர்ப்பொருள் மக்கவில்லை. பள்ளம் ஒடுக்கமாக இருந்ததில் இன்னொரு விளைவும் உண்டு. கரை பக்கத்திலேயே இருந்ததால் பாசியோடு மரம் செடியும் சேற்றில் கலந்தன. டெல்டாவில் எண்ணெயும் வாயுவும் கலந்தே கிடைப்பதற்கும், சில பள்ளங்களில் வாயுவே மிகுந்து கிடைப்பதற்கும் இந்தக் கலப்பு ஒரு காரணம். நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் எண்ணெய் வயல்கள். ராமநாதபுரம் பக்கம் பெரும்பாலும் வாயு. வழுதூர் மின்நிலையம் அந்த வாயுவில்தான் சுழல்கிறது.

இந்த அடுக்குகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி. ஊர்களின் பெயர்ப்பட்டியல் மாதிரி இருக்கும். உலகின் எந்த மூலையில் இந்தப் படுகையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் குடவாசலும் நன்னிலமும் அதில் வந்தாக வேண்டும். குடவாசல்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

தாய்ப்பாறை படிந்து முடிந்த கையோடு படுகையை ஒரு புதிய அதிர்ச்சி தாக்கியது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்குப் பக்கத்தில் மடகாஸ்கர் பிரிந்தது. அந்தப் பிரிவோடு தீபகற்பம் உயர்ந்தது என்றும், காவிரிப் படுகையில் டுரோனியன் காலக் கடைசியில் தெரியும் பெரிய அரிப்பு அதன் எதிரொலி என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். படிந்திருந்த அடுக்குகளின் தலை பல இடங்களில் சீவப்பட்டது. இது நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. உயர்ந்த நிலத்திலிருந்து மணல் பெருமளவில் இறங்கி வந்து ஓடைகளையும் கடலடிப் பள்ளங்களையும் நிரப்பியது; எண்ணெய் தங்குவதற்கு வேண்டிய நுண்துளை மணற்பாறை அப்படித்தான் கிடைத்தது. அதே அரிப்பு, எண்ணெயை மேலே தப்பவிடாமல் மூட வேண்டிய களியடுக்கையும் சில இடங்களில் கிழித்துவிட்டது.

இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. அரிப்பு நடந்த நேரத்தில் சாத்தப்பாடிக் களியின் பெரும்பகுதி இன்னும் போதிய ஆழத்துக்குப் போகவில்லை. உலை காயுமுன் மூடி கிழிந்தால் இழப்பதற்கு அதிகம் இல்லை. பிற்பாடு குடவாசல் களி போன்ற புதிய மூடிகள் வந்தன. சூடு ஆறிப் படுகை மெல்லத் தாழ்ந்தது. தீபகற்பம் கிழக்கே சாய்ந்தது. கிரெட்டேசியஸ் காலக் கடைசியிலும் அதற்குப் பிறகும் படிவுகள் கடலை நோக்கித் தடித்துக்கொண்டே போயின. அந்தக் கனத்தில்தான் பள்ளங்களின் நடுவிலிருந்த தாய்ப்பாறை 100 பாகையை ஒட்டிய வெப்பத்தைத் தொட்டது. எண்ணெய் கிளம்பியபோது மேடுகளும் சாய்ந்த கட்டங்களும் ஏற்கெனவே தயாராக இருந்தன. நிகழ்வுகள் தலைகீழாக நடந்திருந்தால், அதாவது எண்ணெய் முதலில் கிளம்பி மடகாஸ்கர்ப் பிரிவின் அரிப்பு பின்னால் வந்திருந்தால், டெல்டாவில் இன்று துளைபோட யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

எண்ணெய் போய்ச் சேர்ந்த இடங்களில் மிக வினோதமானது அடித்தளப் பாறை. கும்பகோணம்–மாதானம் மேட்டில் உள்ள மாதானத்தில், படிவுப் பாறைகளுக்கெல்லாம் கீழே இருக்கும் பழைய படிகப் பாறையிலிருந்தே எண்ணெய் வருகிறது. கடலில் பி.ஒய்.–1 வயலிலும் விரிசல் விட்ட கிரானைட் வகைப் பாறையில்தான் வாயு. பல கோடி ஆண்டுக்கு முன் உருகி உறைந்த பாறையில் உயிர்ப்பொருள் ஏது, எண்ணெய் ஏது என்று கேட்கத் தோன்றும். எண்ணெய்க்கும் உயிருக்கும் சம்பந்தமில்லை, அது பூமியின் வயிற்றில் தானே ஊறுகிறது என்று வாதிடுகிறவர்கள் இப்படிப்பட்ட வயல்களைத்தான் ஆதாரமாக நீட்டுவார்கள். பிளவின் வடிவத்தைப் பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். மேடு உயர்ந்து நிற்கிறது, பக்கத்துப் பள்ளம் அதைவிட ஓரிரு கிலோமீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. ஆகவே பள்ளத்திலுள்ள இளைய களிப்பாறை, மேட்டிலுள்ள முதிய பாறையைவிட ஆழத்தில் இருக்கிறது. அங்கே வெந்த எண்ணெய் பிளவுச் சுவர் வழியாகப் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் நகர்ந்து, அதே பிளவு நொறுக்கி வைத்த விரிசல்களுக்குள் குடியேறுகிறது. வியட்நாமின் பாக் ஹோ வயலில் 1988இல் கிரானைட் அடித்தளத்தில் எண்ணெய் கிடைத்தபோது உலகம் வியந்தது. அங்கேயும் நடந்தது இதுதான். அந்நாட்டின் மிகப் பெரிய எண்ணெய் வயலாக அது வளர்ந்தது. மாதானம் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் பழைய கிணறுகள் பலவும் அடித்தளப் பாறையைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று நிறுத்தப்பட்டவை என்பதை நினைத்தால், இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு அதன் பீப்பாய்க் கணக்கைவிடப் பெரிது.

வேகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே படுகையில் விடை உண்டு: நெய்வேலி. டைனோசர்கள் அழிந்து வெகு காலத்துக்குப் பிறகு, படுகையின் மேற்குப் பகுதியில் சதுப்புக் காடுகளின் மரமும் தழையும் தடிமனாகப் படிந்தன. அவை சுமார் 100 மீட்டர் ஆழத்தைச் சுற்றியே நின்றுவிட்டன. கிழக்கே போல இழுத்து அமுக்கும் பள்ளம் அங்கே அப்போது இல்லை. அதனால் அந்த உயிர்ப்பொருள் பழுப்பு நிலக்கரியாகவே நிற்கிறது. ஈரம் போகாத, நெருப்புக்கு மந்தமான கரி. மன்னார்குடிப் பக்கம் இதே வகைக் கரி இன்னும் ஆழத்தில் உள்ளது. 2010இல் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போடப்பட்டு, போராட்டத்துக்குப் பின் கைவிடப்பட்டது அந்தக் கரியை நம்பித்தான். மேடைகளில் ‘மீத்தேன் திட்டம்’, ‘ஹைட்ரோகார்பன் திட்டம்’ இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. பாறையைப் பொறுத்தவரை அவை இரு வேறு காலம், இரு வேறு ஆழம், இரு வேறு தொழில்நுட்பம். கரியிலிருந்து மீத்தேன் எடுக்க முதலில் நீரை இறைத்துத் தள்ள வேண்டும். நிலத்தடி நீர் பற்றிய அச்சம் அங்கே மிகையானது இல்லை.

காவிரிப் படுகையில் எண்ணெய் இருக்கிறது, சரி. சவூதி அரேபியாபோல ஏன் இல்லை? அரேபியாவும் கோண்டுவானாவின் துண்டுதான். ஆனால் அது டெதிஸ் என்ற பழைய கடலைப் பார்த்தபடி, வெப்ப மண்டலத்தில், பல கோடி ஆண்டுகள் பெரிய குலுக்கல் எதுவும் இல்லாமல் தாழ்ந்துகொண்டே இருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு ஆழமற்ற கடல்திட்டு. அதில் தாய்ப்பாறை, அதன்மேல் நுண்துளைச் சுண்ணாம்புப் பாறை, அதற்கும் மேல் கடல் வற்றிப் படிந்த அன்ஹைட்ரைட் என்ற இறுக்கமான மூடி. எல்லாம் ஒரே விரிப்பாகக் கிடந்தன. சவூதியின் கவார் வயலும் பழைய அடித்தள மேடு ஒன்றின் மேல்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேடு துண்டுபடாமல் 280 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வளைவாகப் போகிறது. சுற்றுவட்டாரமே வெந்து அந்த ஒரு வளைவை நிரப்பியது. காவிரிப் படுகையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனி அடுப்பு, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பாத்திரம். பாத்திரமும் சின்னது.

சின்ன வயல்கள் என்பதற்கு நிலத்தின் மேலும் ஒரு பொருள் இருக்கிறது. டெல்டா அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. பெரிய வயல் என்றால் சில இடங்களில் கிணறுகளைக் குவித்து வேலையை முடித்துக்கொள்ளலாம். சிறு வயல்கள் சிதறிக் கிடந்தால் கிணறும் குழாயும் சேகரிப்பு நிலையமும் ஊர் ஊராகப் போக வேண்டும். கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம், புவனகிரி என்று அவை விரிந்துகொண்டே போவதற்குக் காரணம் அடியில் உள்ள கட்டங்கள்தான். 2017இல் நெடுவாசல் போராட்டம் எழுந்தபோது பேச்சில் இருந்ததும் ஏற்கெனவே கண்டறிந்த சிறு வயல்களை ஏலம் விட்ட திட்டமே. கிடைக்கும் எண்ணெய் கொஞ்சம், தொடப்படும் வயல்களும் ஊர்களும் ஏராளம் என்ற இந்த விகிதம் யாரோ ஓர் அதிகாரி வகுத்த கொள்கை அன்று. 13 கோடி ஆண்டுக்கு முந்தைய பிளவு வகுத்தது. 2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தபோது, நிதியளவில் விட்டுக்கொடுத்தது ஒரு கவாரை இல்லை. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையின் ஆரம்பத் திறன் ஆண்டுக்கு 5 லட்சம் டன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

இனிப் பெரிதாக ஏதாவது கிடைக்குமானால் அது நிலத்தில் கிடைக்க வாய்ப்புக் குறைவு, ஆழ்கடலில்தான். மன்னார் வளைகுடாவின் அடியில் இருப்பது இதே பிளவின் தென்கோடி. இலங்கை முழுதாகப் பிரிந்து போகத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்ட இடம் அது. பிரிவு முற்றுப்பெற்றிருந்தால் இரு நாட்டுக்கும் நடுவில் கடல்தரை விரிந்து, ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் ஒரு நாள் கப்பல் பயணமாக இருந்திருக்கும். 1970களில் சோவியத் உதவியோடு இலங்கை மன்னார் தீவில் பேசாலையில் துளை போட்டுப் பார்த்தது, பயன் இல்லை. 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் ஆழ்கடலில் டொராடோ, பாராகுடா என்ற இரு கிணறுகளில் எரிவாயு கண்டது. பாராகுடாவில் துளைக்கருவி எரிமலைப் பாறையையும் துளைத்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. பிளவு இங்கே காவிரிப் பக்கத்தைவிட அதிகம் மெலிந்து, தீக்குழம்பு மேலே வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

அந்த எரிமலைப் பாறைதான் இன்று தேடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி. நில அதிர்வு அலைகளை அது சிதறடிப்பதால் அதற்குக் கீழே இருக்கும் பள்ளங்களின் உருவம் மங்கலாகவே தெரிகிறது. சாத்தப்பாடிக் களியின் காலத்துச் சேறு அங்கேயும் படிந்திருந்தால், தீக்குழம்பின் சூடு அதற்கு எட்டியதா, எட்டியது என்றால் மூடி அமைவதற்கு முன்பா பின்பா என்பதை ஒட்டித்தான் கீழே எண்ணெய் மிஞ்சியிருக்கிறதா, வாயுவா, ஒன்றுமே இல்லையா என்பது முடிவாகும். இதற்கு விடை தர இரண்டு கிணறுகள் போதாது. கண்டுபிடித்த வாயுவும் ஒரு பத்தாண்டுக்கு மேலாகியும் எடுக்கப்படாமல் அங்கேயே கிடக்கிறது.